என் பாட்டு, அவள் பென்டிரைவ்

“இன்னா மேடம் சொல்றீங்க... பாட்டைத் துட்டு குடுத்தா வாங்கினீங்க?”

போன புதன்கிழமை சாயங்காலம். தி.நகர் பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஒரு மொபைல் கடை. கடைக்காரர் என்னிடம் மட்டும் கேட்டிருந்தால் பரவாயில்லை. கடை முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டார். போனுக்குக் கவர் வாங்க வந்தவர், சார்ஜர் வாங்கின வேகத்தில் செத்துவிட்டது என்று சண்டை போட வந்தவர் – எல்லோரும் அவரவர் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

“ஆமாங்க. கார்டு போட்டுத்தான் வாங்கினேன்.”

“அப்புறம் இன்னா பிரச்சனை?”

“என் போன்ல மட்டும்தான் பாடுது. பென்டிரைவ்ல போட்டா பாட மாட்டேங்குது. ஸ்பீக்கர்ல பாட மாட்டேங்குது. கார்ல பாட மாட்டேங்குது.”

“சும்மா எறக்குனவன்லாம் தெரு முச்சூடும் கேக்க வுட்டுக்கினு கீறான். நீங்க காசையும் குடுத்துட்டு கம்முனு உக்காந்துகினு கீறீங்க!”

கடையில் ஒரே சிரிப்பு. நானும் சிரித்து வைத்தேன். வேறு என்ன செய்வது? தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும், நான் பள்ளிக்கூட டீச்சர். ‘காப்பியடிக்காதே, சொந்தமா எழுது’ என்று சொல்லிச் சொல்லியே தொண்டை போனவள். திருட்டுப் பாட்டு கேட்பதில்லை என்று ஒரு கொள்கை வேறு. அந்தக் கொள்கைக்கு தி.நகரில் கிடைத்த மரியாதை இது.

சரி... ஒரு பாட்டுக்காக ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து தி.நகர் வரை ஏன் அலைய வேண்டும்?

பொறாமை. வேறு ஒரு காரணமும் கிடையாது. இசை ஆர்வம், அது இது என்று எதையாவது சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம்தான். வாரா வாரம் சந்திக்கிற உங்களிடம் எனக்கு என்ன ஒளிவுமறைவு?

அவள் பெயர் ரீட்டா.

அவளைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கத்தோலிக்கக் கோயிலைச் சேர்ந்த குடும்பங்களைத் தெருவாரியாகப் பிரித்துச் சின்னச் சின்னக் குழுக்களாக வைத்திருக்கிறோம். ஒவ்வொரு குழுவுக்கும் அன்பியம் என்று பெயர். மாதா மாதம் யாராவது ஒருவர் வீட்டில் கூடி ஜெபிப்போம், டீ குடிப்போம், கலைவோம். வருஷம் பூராவும் அன்புக்குக் குறைவே இருக்காது. டிசம்பர் பிறந்தால் மட்டும் அதைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிடுவோம். ஏனென்றால், அது கேரல் ரவுண்ட்ஸ் மாதம். கிதார், டிரம், தொப்பை கட்டின கிறிஸ்துமஸ் தாத்தா, உருட்டிக்கொண்டு போக ஒரு டிராலி ஸ்பீக்கர் – வீடு வீடாகப் போய்ப் பாட வேண்டும். எந்த அன்பியம் நன்றாகப் பாடியது என்று கோயில் வாசலில் ஒரு மாதத்துக்குப் பேச்சு ஓடும்.

எங்கள் அன்பியத்தில் தனிக்குரல் நான்தான். கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்த நாளிலிருந்து நான்தான். ‘டீச்சர் எடுத்துக் குடுத்தாத்தான் பாட்டு’ என்பார்கள்.

ஆனால் தொண்டை என்று ஒன்று இருக்கிறதே! எட்டாம் வகுப்பு ‘பி’ பிரிவை அடக்குவதற்கும் அதே தொண்டைதான், தேவனுக்கு மகிமை பாடவும் அதே தொண்டைதான். கீபோர்டு வாசிக்கிறவர் நல்ல மனிதர். எனக்காக வருஷத்துக்கு வருஷம் சுருதியை இறக்கிக்கொண்டே வந்தார். இன்னும் கொஞ்சம் இறக்கினால் ஆண்கள் எல்லாம் தரையில் படுத்துக்கொண்டுதான் பாட வேண்டும் என்கிற நிலைமை. ஒருவரும் என்னிடம் வாய் திறந்து எதுவும் சொன்னதில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் கே.கே. நகரிலிருந்து ரீட்டா எங்கள் தெருவுக்குக் குடிவந்தாள். பேங்கில் வேலை. நாற்பதை நெருங்குகிற வயது என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டீர்கள். முதல் நாள் பிராக்டிஸில் பின்வரிசையில் நின்று சும்மா கூடப் பாடினாள். கீபோர்டுக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அப்போதே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

அடுத்த வாரம் எங்கள் அன்பியத் தலைவர் சகாயம் சார் தொண்டையைச் செருமினார்.

“டீச்சர், இந்த வருஷம் சோலோ ரீட்டா பாடட்டுமே? நீங்க ஸ்பீக்கரைப் பாத்துக்குங்க. உங்களுக்குத்தான் எதையும் பொறுப்பா செய்ய வரும்.”

பொறுப்பு! இந்த ஊரில் ஒருவரைப் பக்குவமாக ஓரங்கட்ட இதைவிட நல்ல வார்த்தை உண்டா?

ரீட்டா கெட்டவளாக இருந்திருந்தாலாவது நான் நிம்மதியாகத் திட்டித் தீர்த்திருப்பேன். அவள் அப்படியும் இல்லை. எல்லோரும் என்னை டீச்சர் என்கிறார்கள், அவள் மட்டும் அக்கா என்கிறாள். ஊரூர் குப்பத்தில் நல்ல வஞ்சிரம் கிடைத்தால் குழம்பு வைத்து எனக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்புகிறாள். குழம்பு பிரமாதம். என் வீட்டுக்காரர் லாரன்ஸ் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, “பாட்டு மாதிரியே கொழம்பும் நல்லாருக்குல்ல?” என்றார். அன்று ராத்திரி அவருக்கு வெறும் ரசம்தான்.

ஆக, ரீட்டாவுக்கு ஒரு விஷயத்தைத் தெரியப்படுத்த வேண்டியிருந்தது. ரீட்டாவுக்கு மட்டுமில்லை, சகாயம் சாருக்கு, கீபோர்டுக்காரருக்கு, தெருவுக்கே. நானும் பாடினவள்தான். அதுவும், ஒலிப்பதிவு செய்கிற அளவுக்குப் பாடினவள்.

கல்யாணத்துக்கு முன்னால், காலேஜ் படித்துக்கொண்டிருந்தபோது, ராயபுரத்தில் எங்கள் கோயில் பாடல் குழு ஒரு கிறிஸ்துமஸ் கேசட் போட்டது. கோடம்பாக்கத்தில் ஒரு ஸ்டுடியோவில் ஒரே பகலில் எல்லாப் பாட்டையும் பாடி முடித்தோம். அதில் குழந்தை இயேசுவுக்கு ஒரு தாலாட்டு. தனிக்குரல் என்னுடையது. கேசட் அட்டையில் யார் பெயரும் போடவில்லை. ‘பாடகர் குழுவினர்’ – அவ்வளவுதான். அந்தக் கேசட்டும் வீடு மாற்றின களேபரத்தில் எங்கோ போய்விட்டது. இந்தப் பக்கம் என் வீட்டுக்காரரைத் தவிர வேறு யாருக்கும் இந்தக் கதை தெரியாது.

போன மாதம் சும்மா போனில் தேடிக்கொண்டிருந்தேன். ஒரு பாட்டுச் செயலியில் அந்தக் கேசட் இருந்தது! அதே பாட்டுகள், அதே வரிசை. பக்கத்தில் ‘வாங்கு’ என்று ஒரு பட்டன். அமுக்கினேன். என் சொந்தக் குரலை நானே விலை கொடுத்து வாங்கிய விசித்திரம் அப்படித்தான் நடந்தது.

திட்டம் தயார். கேரல் ரவுண்ட்ஸ் நடுவில், ஸ்பீக்கர் என் பொறுப்பில் இருக்கும்போது, தற்செயலாகப் போடுவது மாதிரி அந்தத் தாலாட்டைப் போட வேண்டும். ‘யாரு இது, இவ்ளோ நல்லாப் பாடறது?’ என்று யாராவது கேட்பார்கள். நான் கொஞ்சம் தயங்க வேண்டும். பிறகு, ‘அது... நான்தான்’ என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். அப்போது ரீட்டாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். தன்னடக்கமாகத் தலைகுனிவதைக் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகைகூடப் பார்த்தேன்.

பாட்டுதான் ஒத்துழைக்கவில்லை.

எங்கள் டிராலி ஸ்பீக்கருக்குப் போன வருஷ மழையில் ப்ளூடூத் போய்விட்டது. பென்டிரைவ் போட்டால் பாடும். சரி என்று போனிலிருந்து பாட்டைப் பென்டிரைவில் ஏற்றினேன். ஏறியது. பாட்டுக்குப் பதில், அர்த்தமில்லாத எழுத்தும் எண்ணுமாக ஏதோ ஒன்று ஏறியது. ஸ்பீக்கரில் செருகினால் சிவப்பு விளக்கு கண்ணடிக்கிறது... சத்தம் வரவில்லை. லாரன்ஸ் பெசன்ட் நகர் பீச்சில் நடக்கும்போது சட்டைப் பையில் வைத்துக்கொள்கிற குட்டி பிளேயர் ஒன்று உண்டு. அதில் போட்டேன். அது இந்தப் பாட்டைக் கண்டுகொள்ளாமல் அடுத்த பாட்டுக்குத் தாவியது. காரில் போட்டேன். ‘இந்த ஃபைலைத் திறக்க முடியாது’ என்றது கார்.

செயலிக்காரர்களிடம் சாட்டில் கேட்டேன். நான் வாங்கின பாட்டு ஏன் வேறு எதிலும் பாட மாட்டேன் என்கிறது?

‘உங்கள் பாடலை எங்கள் செயலியில் எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்டு மகிழலாம்!’ என்று பதில் வந்தது.

செயலிக்கு வெளியே?

‘செயலிக்குள் கேட்டு மகிழலாம்!’

இது என்ன நியாயம்? தி.நகரில் வாங்கின புடவையை அடையாறில் கட்டக்கூடாது என்று எந்தக் கடையாவது சொல்லுமா? காசு கொடுத்து வாங்கினேன், ஆனால் அது என் கைக்கு வரவில்லை. அதுவும் என் குரல்! யாரிடம் போய்ச் சொல்வது?

அதனால்தான் அந்த தி.நகர் கடை. சிரித்து முடித்த கடைக்காரர் ஒரு குட்டி கனெக்டரை எடுத்துக் கொடுத்தார். ஒரு முனையைப் போனின் சார்ஜர் ஓட்டையில் செருக வேண்டும். மறுமுனையிலிருந்து ஸ்பீக்கருக்கு ஒரு வயர். “போன் பாடுனா ஸ்பீக்கரும் பாடும் மேடம். சிம்பிள்” என்றார். வீட்டுக்கு வந்து செருகிப் பார்த்தேன். பாடியது! ஸ்பீக்கரில் அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கே சிலிர்த்தது. ரீட்டா, வந்து பார் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் ரவுண்ட்ஸ் கிளம்பினோம். லாரன்ஸ் முட்டி வலி என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். முதல் சில வீடுகளில் ரீட்டா பாடினாள், எல்லோரும் உருகினார்கள், எனக்குக் காதில் புகை வந்தது. பொறுத்துக்கொண்டேன். சகாயம் சார் வீட்டு வாசலில் கூட்டம் நன்றாகச் சேர்ந்ததும் கனெக்டரைச் செருகினேன். “அடுத்த பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு கேளுங்களேன்” என்று சொல்லி, பட்டனை அமுக்கினேன்.

புல்லாங்குழல் ஆரம்பித்தது. கூட்டம் அமைதியானது. இதோ, இப்போது குரல் வர வேண்டும்...

நின்றுவிட்டது.

போனைப் பார்த்தேன். ‘உங்கள் கணக்கு வேறொரு கருவியில் பயன்பாட்டில் உள்ளது.’

வேறொரு கருவியா? எந்தக் கருவி? சட்டென்று பொறி தட்டியது. வீட்டு டேப்லெட்டிலும் என் கணக்குதான்! லாரன்ஸுக்குப் போன் போட்டேன்.

“என்னங்க பண்ணிக்கிட்டிருக்கீங்க?”

“ஒண்ணும் பண்ணல மேரி. சும்மா சாஞ்சிக்கிட்டு பழைய பாட்டு கேட்டுக்கிட்டிருக்கேன்.”

“நிறுத்துங்க மொதல்ல!”

நான் போட்ட சத்தத்தில் மனிதர் பதறிப்போய் எதை அமுக்கினாரோ தெரியவில்லை. எல்லாக் கருவிகளிலிருந்தும் எங்கள் கணக்கை வெளியேற்றிவிட்டார். இப்போது என் போன் பாஸ்வேர்டு கேட்கிறது. போட்டால், என்னுடைய பழைய நம்பருக்கு ஓடிபி அனுப்பியிருக்கிறேன் என்கிறது. அந்த நம்பரை நான் தலைமுழுகியே எத்தனையோ காலமாகிறது.

கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்டிருந்த டேவிட் முகமூடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கிட்டே வந்தார். “இன்னா டீச்சர் ஆச்சு? எனுக்கு உள்ள வேத்து ஊத்துது. சட்டுனு எதுனா போடுங்க, நான் ஆடிட்டுப் போய்க்கினே இருக்கேன்.”

அப்போதுதான் பின்னாலிருந்து அந்தக் குரல்.

“அக்கா, விடுங்க. என்கிட்ட ஒரு பென்டிரைவ் இருக்கு.”

கைப்பையிலிருந்து எடுத்தாள். செருகினாள். பாடியது. பாஸ்வேர்டு இல்லை, ஓடிபி இல்லை, செயலி இல்லை... செருகின மறுநொடி பாடியது. எங்கே வாங்கினாள், யார் ஏற்றிக் கொடுத்தார்கள், ஒன்றும் தெரியாது. டேவிட் தொப்பை குலுங்க ஆடினார். பிள்ளைகள் ஆடினார்கள். சகாயம் சாரின் மனைவிகூட வாசற்படியில் நின்று கை தட்டினார். “ரீட்டா, இனிமே பாட்டும் நீ, ஸ்பீக்கரும் நீ!” என்று அறிவித்தார் சகாயம் சார்.

பொறுப்பும் போச்சு!

அன்று வீட்டுக்குப் போய் லாரன்ஸிடம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. ரீட்டா மேல் அப்படி ஒரு ஆத்திரம். சோலோவை எடுத்துக்கொண்டாள், ஸ்பீக்கரை எடுத்துக்கொண்டாள், வீட்டுக்காரருக்கு மீன் குழம்பு கொடுத்து அவரையும் வளைத்துப் போட்டாள். எனக்கென்று மிச்சம் இருந்தது அந்த ஒரு பாட்டு. அதுவும் போனுக்குள் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ரவுண்ட்ஸுக்கு லாரன்ஸும் வந்தார், பரிகாரமாக. முட்டி வலியோடு கேக் டப்பாக்களைச் சுமந்துகொண்டு பின்னாலேயே வந்தார். தெரு முடிந்தது. கடைசி வீட்டுப் போர்டிகோவில் எல்லோருக்கும் டீயும் அச்சு முறுக்கும் கொடுத்தார்கள். களைத்துப்போய் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தோம். ஸ்பீக்கரை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. ரீட்டாவின் பென்டிரைவ் அது பாட்டுக்கு ஒவ்வொரு பாட்டாகப் பாடிக்கொண்டிருந்தது.

ஒரு பாட்டு முடிந்தது. அடுத்து... புல்லாங்குழல்.

நான் டீ டம்ளரைக் கீழே வைத்தேன். லாரன்ஸ் அச்சு முறுக்கைக் கடித்தபடியே அப்படியே நின்றுவிட்டார்.

என் பாட்டு. என் குரல். அவள் பென்டிரைவில்.

“ஐயோ, ஷ்ஷ்ஷ்... எல்லாரும் இதைக் கொஞ்சம் கேளுங்களேன்” என்று ரீட்டா எழுந்து போய்ச் சத்தத்தைக் கூட்டினாள். என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

“எங்க ஸ்கூல்ல ஒரு சிஸ்டர் இந்தக் கேசட் வச்சிருந்தாங்கக்கா. நான் பாடக் கத்துக்கிட்டதே இதைக் கேட்டுத்தான். அப்புறம் யாரோ இதுல ஏத்திக் குடுத்தாங்க. இதோ, இப்ப மேல போவாங்க பாருங்க...”

மேலே போனது. அந்த இடம் எனக்குத் தெரியாதா? மூச்சே வாங்காமல், சும்மா படியேறிப் போகிற மாதிரி மேலே போய், அங்கேயே கொஞ்ச நேரம் நின்று, பிள்ளை முழித்துக்கொள்ளாமல் தொட்டிலை விட்டு நகர்கிறவள் மாதிரி மெல்ல இறங்கி வந்தது. போர்டிகோவில் ஒருவரும் அசையவில்லை. டேவிட்கூட முகமூடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

“இந்த எடம் இன்னிக்கு வரைக்கும் எனக்கு வரலக்கா” என்றாள் ரீட்டா. “எவ்ளோ தடவை பாடிப் பாத்திருப்பேன்! யாருன்னே தெரியல. கேசட்ல பேரு போடலயாம். எத்தனையோ பேர்கிட்ட விசாரிச்சுட்டேன்.”

லாரன்ஸ் வாயைத் திறந்தார். நான் அவர் காலை நன்றாக மிதித்தேன்.

ஏன் மிதித்தேன்? நான் பட்ட பாடெல்லாம் இதற்காகத்தானே? ஒரு வார்த்தை போதும். ‘அது நான்தான்.’ ரீட்டாவுக்கு, சகாயம் சாருக்கு, தெருவுக்கே தெரிந்துவிடும்.

தெரிந்ததும் என்ன கேட்பார்கள்? ‘ஒரு தடவை பாடுங்க டீச்சர்’ என்பார்கள். பாடுவேன். கீபோர்டுக்காரர் சுருதியை இறக்குவார்... எல்லோரும் பெரிய மனசு பண்ணிக் கை தட்டுவார்கள்.

அதுகூடப் பரவாயில்லை. உண்மையான காரணம் வேறு. அந்தக் குரலைக் கேட்கக் கேட்க, அது நான் என்று எனக்கே சொல்ல வரவில்லை. யாரோ ஒரு பெண். தொண்டை வலிக்கும் என்று தெரியாதவள். பாடிக்கொண்டிருக்கும்போதே, ராயபுரத்துக்கு பஸ் கிடைக்குமா என்று யோசித்துக்கொண்டிருந்தவள். தன்னிடம் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் அதை அப்படி வாரி இறைத்துக்கொண்டிருக்கிறாள்! எனக்கு வயிறு எரிந்தது. ரீட்டா மேல் வந்த எரிச்சலெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

பாட்டு முடிந்தது. ரீட்டா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“இந்தப் பொண்ணு மேல எனக்கு அவ்ளோ பொறாமைக்கா” என்றாள்.

“எனக்கும்தான்” என்றேன்.